காதுச் சிற்றுண்ணி: சொல் விளக்கம்

கால்நடை மருத்துவர் 'இயர் மைட்' என்று சொன்னதை வீட்டில் வந்து 'காதுல உண்ணி' என்று சொல்லிவிடுகிறோம். உடனே ஒருவர் நாயின் காது மடலைப் புரட்டி, ரத்தம் குடித்து உப்பிய சாம்பல் நிற உண்ணியைத் தேடுவார். அது டிக். மைட் அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும், காதுத் துளைக்குள் வாழும், ரத்தத்துக்காக ஓரிடத்தில் ஒட்டிக் கிடக்காமல் தோல் செதிலையும் காதுக் கசிவையும் தின்னும்.

அறிவியல் பெயர் ஓட்டோடெக்டிஸ் சைனோட்டிஸ். கிரேக்கத்தில் 'ஓட்டோ' காது, 'டெக்டிஸ்' கடிப்பது, 'சைனோட்டிஸ்' நாய்க்காது. ஒரே பெயரில் காது இரண்டு தடவை! பெயரில்தான் நாய், அதிகம் அவதிப்படுவதோ பூனைகள், அதிலும் குட்டிகள்.

சரி, தமிழில்? சிலர் 'காதுப் பேன்' என்கிறார்கள். பேனுக்கும் தெள்ளுக்கும் ஆறு கால், அவை பூச்சிகள். மைட் வளர்ந்தால் எட்டுக் கால், சிலந்தியின் உறவு. உண்ணியும் அதே கூட்டம்தான். 'உண்' என்ற வினையிலிருந்து வந்த உண்ணியோடு 'சிறு' சேர்த்தால் சிற்றுண்ணி. எனவே 'காதுச் சிற்றுண்ணி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அடையாளம், காதுக்குள் காபித்தூள் கசடு மாதிரி கறுத்த அழுக்கு, ஓயாத சொறிதல், தலையை உதறுதல். உதறி உதறியே சில சமயம் மடலுக்குள் ரத்தம் கட்டி வீங்கிவிடும். அந்த அழுக்கைக் கறுப்புத் தாளில் தட்டி, நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் மெல்ல நகர்வது தெரியும். தெரியாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை, ஈஸ்ட் தொற்றும் இப்படிக் கறுப்பாக வரும் என்பதால் நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் உறுதி.

மருத்துவர் காதைச் சுத்தம் செய்துவிட்டு, பெரும்பாலும் செலமெக்டின் அல்லது மாக்சிடெக்டின் சொட்டு மருந்தைப் பிடரித் தோலில் விடுவார். முட்டை பொரிந்து வளர்ந்த சிற்றுண்ணியாக ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும், அதனால் சொறிதல் நின்றதும் மருந்தை நிறுத்தக் கூடாது. வீட்டில் இருக்கிற எல்லா நாய் பூனைக்கும் சேர்த்தே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குத் திரும்பத் திரும்ப வரும். காதுக்குள் வேப்பெண்ணெய் ஊற்றாதீர்கள், செவிப்பறை கிழிந்திருந்தால் உள்ளே போய்விடும். அப்புறம், நாய்க்கு வாங்கி மீந்த மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம். வலிப்பு வந்து செத்தே போகலாம்.