அஞ்சறிவு என்றால் வலிக்காது என்று யார் சொன்னது?

இந்தக் கரும்பு வெட்டில் என்னிடம் வைத்தியத்துக்கு வந்த நான்காவது மாடு இது. நெல்லிக்குப்பம் பக்கத்து வண்டிமாடு. நுகத்தடி உரசி உரசிக் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண், உள்ளே புழு.

"இத்தனை நாள் என்ன அண்ணே பண்ணீங்க?"

"இழுத்துக்கிட்டுதானே டாக்டர் இருந்துச்சு. அஞ்சறிவு ஜீவன், அதுக்கு என்னா தெரியப்போவுது?"

புண்ணைக் கழுவும்போது அவர் மகன் செல்போனை நீட்டினான். மாட்டுப் புண்ணைப் பற்றி ஏஐ-யிடம் கேட்டிருக்கிறான். 'கேட்கவே வருத்தமாக இருக்கிறது' என்று பதில் வந்திருக்கிறது. "பாருங்க சார், மெஷினே வருத்தப்படுது!"

என் விரல் புண்ணைத் தொடும் முன்பே மாட்டின் தோல் சிலிர்த்து நடுங்கியது. அதை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

அஞ்சறிவு என்பது மட்டமான மூளைக்குப் போட்ட மார்க் இல்லைங்க. தொல்காப்பியம் வரிசையாகச் சொல்கிறது: தொடு உணர்வு, சுவை, மோப்பம், பார்வை, கேள்வி. முதல் அறிவே தொட்டால் தெரிவதுதான். புல்லுக்கும் மரத்துக்கும் அதைக் கொடுத்துவிட்டுத்தான் மேலே போகிறது. அதாவது 'அஞ்சறிவு' என்று நீங்கள் சொல்லும்போதே மாட்டுக்கு உறைக்கும் என்றுதான் சொல்கிறீர்கள்.

கெட்டிக்காரத்தனம் வேறு, உணர்வு வேறு. 1997-ல் உலக சாம்பியன் காஸ்பரோவைச் செஸ்ஸில் வென்ற டீப் ப்ளூ என்ற கம்ப்யூட்டர் வெற்றியைக் கொண்டாடியதாக யாரும் சொல்லவில்லை. ஏஐ-யின் வருத்தமும் மனிதர்கள் எழுதிக் குவித்ததிலிருந்து படித்துக்கொண்ட பேச்சு. பேச்சை வைத்து மட்டும் உள்ளே ஒரு மனம் இருக்கிறது என்று நான் நம்பமாட்டேன். மாட்டுக்குப் பேச்சு இல்லை, நரம்பு இருக்கிறது. பிரிட்டனில் 2022-ல் வந்த சட்டம் நண்டு, இறால், ஆக்டோபஸைக்கூட உணர்வுள்ள உயிர்களாகச் சேர்த்துவிட்டது. துறைமுகத்தில் நண்டை உயிரோடு கொதிநீரில் போடுகிறவர்களிடம் இதைச் சொன்னால் என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

மாடு வலியை மறைக்கும். புலிக்குப் பயந்து வளர்ந்த இனம், நொண்டிக் காட்டினால் போச்சு. அதனால் நீங்கள்தான் பார்க்க வேண்டும். அசை போடுகிறதா? பல்லை நறநறக்கிறதா? காது தொங்குகிறதா? தினமும் வண்டி அவிழ்த்ததும் கழுத்தைத் தடவிப் பாருங்கள். முடி கொட்டித் தோல் சூடாக இருந்தால் அன்றைக்கே ஓய்வு. புண்ணில் மண்ணெண்ணெய், ஃபினாயில் ஊற்றாதீர்கள், தயவுசெய்து. 1962 என்ற நம்பருக்குப் போன் போட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

புண் ஆறும்வரை வண்டி பூட்டக் கூடாது என்றேன். "வெட்டு நேரமாச்சே டாக்டர்?" என்றார். டிராக்டரை வாடகைக்குப் பிடிங்க அண்ணே, அதுக்கு நிஜமாவே வலிக்காது.