மேடு ஏறினால் தளரும் கால்: முண்ணாணைச் சுற்றி ஒரு தவறான இரத்தக்குழாய் இணைப்பு

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தோட்டத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். காலமெல்லாம் கவ்வாத்து வெட்டி, கான் வெட்டிப் பழகிய உடம்பு. இப்போது லயத்திலிருந்து ரோட்டுக்கு ஏறுவதற்குள் இரண்டு காலும் கனத்துவிடுகின்றன. கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஆறினால் மறுபடி நடக்க முடிகிறது. பாதம் மரத்திருக்கிறது, சிறுநீரும் முன்போலச் சுலபமாகப் போவதில்லை. "முதுகெலும்பு தேஞ்சிருச்சு, வயசாகுதுல்ல" என்பார்கள் வீட்டில். டிஸ்பென்சரியில் வலி மாத்திரை கொடுப்பார்கள். சிறுநீர்த் தொல்லைக்கு புரொஸ்டேட் மீது பழி விழும்.

பெரும்பாலானவர்களுக்கு இந்த ஊகம் சரிதான். எலும்புத் தேய்வும் டிஸ்க் விலகலும்தான் அதிகம். ஆனால் சிலருக்குக் கோளாறு எலும்பில் இல்லை, முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாணைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்களில் இருக்கிறது. வருடத்துக்குப் பத்து இலட்சம் பேரில் 5 முதல் 10 பேருக்கு மட்டும் வருகிற அரிய நோய் இது; ஆங்கிலத்தில் spinal dural arteriovenous fistula என்பார்கள். பெண்களைவிட ஆண்களுக்கே பல மடங்கு அதிகம். அரியது என்றாலும், நேரத்தோடு கண்டுபிடித்தால் நிறுத்திவிடக்கூடிய நோய் என்பதால் இதைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய் நாடி; அதில் இரத்தம் வேகமாக வரும். மயிர்போல் மெல்லிய மயிர்த்துளைக் குழாய்களில் பிரிந்து, திசுவுக்கு ஒட்சிசனைக் கொடுத்து, அழுத்தம் தணிந்த பிறகே, இரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் நாளத்துக்குள் போகும். முண்ணாணைப் போர்த்தியிருக்கும் தடித்த உறைக்கு வன்றாய் என்று பெயர். நரம்பு வேர் அந்த உறையைத் தாண்டும் இடத்தில் ஒரு சிறு நாடி, இடையில் மயிர்த்துளைக் குழாய் எதுவும் இல்லாமல், நேரே நாளத்தோடு இணைந்துவிடுவதுதான் இந்த நோய். முண்ணாணிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோக வேண்டிய நாளம், வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரத் தொடங்குகிறது.

மலையில் கான் வெட்டுவது மண்ணில் ஊறிய தண்ணீர் வடிவதற்கு. மேலே தண்ணீர்த் தாங்கியிலிருந்து வரும் பைப்பை யாராவது கானுக்குள் திருப்பிவிட்டால் என்ன ஆகும்? கான் எப்போதும் விளிம்புவரை நிறைந்து நிற்கும். மண்ணில் ஊறியது வடிய வழி இருக்காது. தேயிலைச் செடியின் வேர் ஈரத்திலேயே கிடந்து அழுகும். முண்ணாணுக்கும் இதே கதிதான். அதன் நாளங்களில் அழுத்தம் ஏறி ஏறி, நாடியின் அழுத்தத்தில் முக்கால்வாசி அளவுக்கு வந்துவிடுவதைச் சத்திரசிகிச்சையின்போதே அளந்திருக்கிறார்கள். பழைய இரத்தம் வெளியேறாவிட்டால் புதிய இரத்தம் எப்படி உள்ளே வரும்? முண்ணாண் வீங்குகிறது, நரம்பு செல்கள் ஒட்சிசன் இல்லாமல் மெல்ல மெல்லச் சோர்கின்றன. நிற்கும்போதும் நடக்கும்போதும் இந்த நாளங்களில் தேக்கம் கூடும். ஏறும்போது கால் தளர்வதும், உட்கார்ந்தால் தேறுவதும் இதனால்தான்.

இணைப்பு ஓரிடத்தில் இருக்க, வீக்கம் வேறிடத்தில் தெரியும். அநேகமாக அது முண்ணாணின் கீழ் நுனியில்தான் தொடங்கும். இடுப்புப் பகுதிக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்தால், இந்த வீக்கம் படத்தின் மேல் ஓரத்தில் கொஞ்சமாகத் தெரிந்து கண்ணுக்குத் தப்பிவிடலாம். நெஞ்சுப் பகுதி முதுகையும் சேர்த்து எடுத்தால், வெளுத்து வீங்கிய முண்ணாணும் அதன் பின்னால் புழுப்போல் நெளியும் கறுப்புப் புள்ளிகளும் தெரியும். அந்தப் புள்ளிகள் இரத்தம் ஓடும் நாளங்கள். இன்னோர் ஆபத்தும் உண்டு. வீக்கத்தைப் பார்த்து அழற்சி என்று நினைத்து ஸ்டீரொய்ட் ஏற்றினால், சிலருக்குக் கால்கள் திடீரென்று இன்னும் மோசமாகிவிடுகின்றன.

இணைப்பு இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டுவது அஞ்சியோகிராம். தொடை மடிப்பிலுள்ள நாடி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, முதுகெலும்பின் இருபுறமும் பிரியும் நாடிகளில் ஒவ்வொன்றாக நுழைந்து சாயம் செலுத்திப் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு படத்துக்கும் நோயாளி மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பொறுமையான வேலை. முண்ணாணுக்கே இரத்தம் கொடுக்கும் பெரிய நாடி எங்கே பிரிகிறது என்பதையும் இதில்தான் பார்ப்பார்கள்.

சரி, சிகிச்சை? முன்பெல்லாம் முண்ணாணின் மேல் நெளிந்து கிடக்கும் நாளங்களையே நோய் என்று எண்ணி உரித்தெடுத்தார்கள். அது கானையே மூடுவது போலத்தான். பலர் இன்னும் மோசமானார்கள். 1977இல் பிரித்தானியாவில் கெண்டல், லோக் என்ற இரு வைத்தியர்கள் உண்மையான இணைப்பு வன்றாயில் இருக்கிறது என்று காட்டிய பிறகே வழி தெளிந்தது. பைப்பு சேரும் அந்த ஒரு வாயை அடைத்தால் போதும்.

அடைக்க இரண்டு வழி. ஒன்று, அதே குழாய் வழியாகப் பசை செலுத்துவது. இரத்தம் பட்டதும் இறுகும் இந்தப் பசை இணைப்பைத் தாண்டி நாளத்தின் தொடக்கம்வரை போக வேண்டும். முன்பே இறுகிவிட்டால் பக்கத்துக் கிளைகள் மறுபடி வழி திறந்துவிடும். முண்ணாணின் பெரிய நாடி அதே கிளையிலிருந்து பிரிந்தால் பசை பக்கமே போகக் கூடாது. மற்றது சத்திரசிகிச்சை. முள்ளந்தண்டு எலும்பில் சிறு பகுதியை அகற்றி, வன்றாயைத் திறந்து, நுணுக்குக்காட்டியின் கீழ் அந்த நாளத்தைத் தேடுகிறார்கள். நாளத்தில் ஓடுவது நாடியின் இரத்தம், அதனால் அது சிவந்து விறைத்திருக்கும். ஒரு சிறு கிளிப்பைப் போட்டதும் கண்ணெதிரே அது நீலமாகித் தளர்ந்துவிடும். இடம் சரி என்பதற்கு அதுவே சாட்சி. அப்புறம் அந்த இடத்தைச் சுட்டு வெட்டிவிடுவார்கள். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இணைப்பு நிரந்தரமாக மூடிவிடும்.

நோய் நின்ற பிறகு காலின் பலம்தான் ஓரளவு நன்றாகத் திரும்பும். சிறுநீர், மலம் சார்ந்த கட்டுப்பாடு மெதுவாகத்தான் தேறும், சிலருக்கு முழுதாகத் தேறுவதே இல்லை. சிகிச்சைக்குப் போகும்போது எந்த நிலையில் இருந்தார் என்பதைப் பொறுத்தது அது. நடக்க முடிகிறபோதே போனவருக்கும் சக்கர நாற்காலியில் போனவருக்கும் கிடைக்கும் பலன் ஒன்றல்ல. ஒரு நாள் சம்பளத்தை விட்டு ஹட்டனிலிருந்து கண்டிக்கு கிளினிக் போகிறவர் முதுகு வலியை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பக் கூடாது. மேடு ஏறும்போது இரண்டு காலும் தளர்வதையும், வெட்கப்பட்டு மறைக்கிற சிறுநீர்க் கோளாறையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேல் முதுகையும் ஸ்கேன் பண்ணலாமா என்று வைத்தியரிடம் கேட்பதில் தப்பே இல்லை.