உங்கள் குழந்தை அரும்பா, மொட்டா? எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கணக்கு

மூன்றாம் வகுப்புப் பிள்ளை 'அரும்பு' நிலையில், அதாவது முதல் வகுப்புக்கான கற்றல் நிலையில், இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னதும் சில பெற்றோர் பதறிவிடுகிறார்கள். பதற வேண்டாம்.

எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பதற்காகத் தமிழக அரசு 2022 ஜூன் மாதம் தொடங்கியது எண்ணும் எழுத்தும் திட்டம். அரசுப் பள்ளிகளில் 1 முதல் 3 வரையான வகுப்புகளில் ஆரம்பித்து, அடுத்த ஆண்டு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் வந்தது. இதற்குத் தனி விண்ணப்பம், கட்டணம் எதுவும் கிடையாது. பயிற்சி நூலும் பள்ளியிலேயே தருவார்கள்.

அரும்பு, மொட்டு, மலர் என்பவை முறையே 1, 2, 3ஆம் வகுப்புக்கான கற்றல் நிலைகள். எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை விட, குழந்தைக்கு இப்போது என்ன தெரியும் என்று பார்த்து அங்கிருந்து சொல்லித் தருவதுதான் ஏற்பாடு. என் பார்வையில் இதுவே திட்டத்தின் உயிர். அரும்பு என்பது மதிப்பெண் அல்ல, தொடங்கும் இடம்.

சரி, கணக்கை எப்படிச் சொல்லித் தருகிறார்கள்? முதலில் கையில் பொருள், அப்புறம்தான் எண். 27உடன் 15ஐக் கூட்டச் சொன்னால் 312 என்று எழுதும் குழந்தைகள் உண்டு. 2உம் 1உம் 3, 7உம் 5உம் 12. கூட்டல் சரிதான், இடமதிப்புதான் புரியவில்லை. இதற்குக் குச்சிகள் போதும். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால், 27 என்பது இரண்டு கட்டு, ஏழு உதிரி. 15 என்பது ஒரு கட்டு, ஐந்து உதிரி. உதிரியைச் சேர்த்தால் 12. அதில் பத்தைக் குழந்தையே கட்டட்டும், நீங்கள் கட்டித் தராதீர்கள். இப்போது நான்கு கட்டு, இரண்டு உதிரி: 42. பலகையில் 'மீதி 1' என்று மேலே எழுதுகிறோமே, அந்த ஒன்று இந்தப் புதுக் கட்டுதான்.

வீட்டில் புளியங்கொட்டை இருந்தால் பத்துப் பத்தாகச் சின்னப் பையில் போட்டும் செய்யலாம். தொண்ணூறு வரும்போது மட்டும் கொஞ்சம் நின்று போங்கள். காதில் 'நூறு' என்று விழுந்தாலும் கையில் இருப்பது ஒன்பது கட்டுதான். பத்தாவது கட்டையும் சேர்த்துப் பெரிய கட்டாகக் கட்டும்போதுதான் நூறு.

ஆசிரியரைப் பார்க்கும்போது, குழந்தை எந்த நிலையில் இருக்கிறது, உதிரியைக் கட்டாக மாற்றத் தெரிகிறதா என்று இரண்டையும் கேளுங்கள்.