அனோட்டேஷன் – குறிப்புரை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போல, மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களில், அடுத்த அமர்வுக்கு ஆயத்தமாகும் கேம் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) பிடிஎஃப் விதிநூலில் வண்ணமிடுவது, கோடிடுவது, ஓரத்தில் எழுதுவது, ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுப்பது ஆகிய அனைத்தையும் ‘அனோட்டேஷன்’ என்னும் ஒரே சொல் சுட்டுகிறது.

இலத்தீனில் ‘நோட்டா’ என்பது அடையாளம். அதிலிருந்து பிறந்த வினையோடு ஒரு முன்னொட்டுச் சேர்ந்து, குறித்துவைத்தல் என்னும் பொருளில் இச்சொல்லின் மூலம் உருவாயிற்று. 1993இல் அடோபி வெளியிட்டு, 2008இல் ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்ட பிடிஎஃப் வடிவமும் இந்த அகன்ற பொருளையே கொள்கிறது: வண்ணமிடல் மட்டுமன்றி, சொடுக்கினால் வேறு பக்கத்துக்குத் தாவும் இணைப்பும் அதில் அனோட்டேஷன்தான். இவை பக்கத்தின் மூல எழுத்தோடு கலவாமல் தனிப்பொருள்களாகச் சேமிக்கப்படுவதால், விதியின் வாசகம் சிதையாமலே குறிப்பை நீக்கவோ மாற்றவோ முடிகிறது. சில செயலிகள் குறிப்புகளைக் கோப்புக்குள் எழுதாமல் தம்மிடமே வைத்துக்கொள்வதுண்டு. அத்தகைய குறிப்பு வேறு கருவியில் தோன்றாது என்பதை ஆட்டத்துக்கு முன்பே சோதித்துக்கொள்வது நல்லது.

படைப்புப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் 2023இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 5.1 விதித்தொகுப்பு 400 பக்கங்களைத் தாண்டும். அதில் எதிரியைப் பிடித்து நிறுத்தும் ‘கிராப்பிள்’ விதி போர் இயலில் இருக்கிறது. பிடிபட்டவரின் வேகம் 0 ஆகும் என்னும் விளைவோ பின்னிணைப்பில் இருக்கிறது. வரும் அமர்வில் மற்போர் நிகழும் என்று எதிர்பார்ப்பவர், போர் இயலின் ஓரத்தில் “வேகம் 0, விடுபட ஒரு ஆக்‌ஷன்” (ஆக்‌ஷன் என்பது ஒருவர் தம் முறையில் செய்யும் செயல்) என்று எழுதிப் பின்னிணைப்புக்கு இணைப்பும் கொடுத்துவிட்டால், ஆட்டத்தின் நடுவே பக்கம் தேட வேண்டியதில்லை. பத்தி முழுவதற்கும் மஞ்சள் பூசுவதைவிட இந்த ஒரு வரி பயன்மிக்கது.

தமிழில் இதற்குக் ‘குறிப்புரை’ என்பதே பொருத்தமானது. மூலத்தை அப்படியே நிறுத்தி, வேண்டிய இடத்துக்கு மட்டும் சுருக்கமாக விளக்கம் தருவது நம் உரைமரபில் பழகிய முறை. சிலப்பதிகாரத்தின் அரும்பதவுரை அதற்குத் தக்க சான்று. ‘விளக்கவுரை’ விரிவைக் குறிப்பதால் இங்குப் பொருந்தாது. ‘அடிக்குறிப்பு’ இடத்தால் வரையறுக்கப்பட்டது. சொல்லற்ற கோட்டையும் வண்ணத்தையும் ‘உரை’ என்பது சற்று இடறும். அவற்றைக் ‘குறியிடல்’ என்று பிரித்துச் சொல்லலாம். வினையாக வரும்போது ‘குறிப்பிடு’ என்று எழுதுவது ‘சொல்லு’ என்னும் பொருளுக்கு இழுத்துச் செல்லும். ஆகவே ‘குறிப்பெழுது’ என்பதே தெளிவு.

குழுவினர் தமக்குள் ஒப்புக்கொண்டு மூலவிதியையே மாற்றும் ‘ஹவுஸ் ரூல்’, ஓரத்தில் எழுதப்பட்டாலும் குறிப்புரை ஆகாது, அது மாற்றுவிதி. விளக்கத்தையும் மாற்றத்தையும் ஒரே வண்ணத்தில் எழுதிவைத்தால், சில மாதங்களுக்குப் பின் எது நூலின் விதி, எது குழுவின் முடிவு என்று எழுதியவருக்கே தெரியாமற்போகும்.