டிரம்முல ஊறுற கிளாம்ப்

நமக்கு திருவொற்றியூர். ஜன்னல் கம்பிக்கு பெயிண்ட் அடிச்சா ரெண்டு மழைக்காலம் தாங்குறதே பெரிய விஷயம், சைக்கிளை மாடிப்படிக்கு அடியில விட்டு ஒரு மாசம் கழிச்சு பார்த்தா செயின் செவசெவன்னு நிக்கும். இந்த காத்துல கட்டட சாரத்துக்கு பைப்பும், அதை ஒண்ணோட ஒண்ணு கவ்விப் பிடிக்கிற கிளாம்பும் வாடகைக்கு விட்டு பொழைக்கிறவங்க எப்படித்தான் சமாளிக்கிறாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி. போன வாரம் தண்டையார்பேட்டையில தெரிஞ்சவர் ஒருத்தரோட சாரம் குடோன்ல போய் உக்காந்துட்டேன்.

அங்க ஒரு பையன் கிளாம்பை எல்லாம் அள்ளி, பழைய இன்ஜின் ஆயில் இருந்த டிரம்முல போட்டு முக்கி எடுத்துட்டு இருந்தான். நல்ல ஐடியாதானேன்னு நான் நெனச்சிட்டு இருக்கும்போதே மேஸ்திரி வந்து ஒண்ண கையில எடுத்தாரு, வேஸ்ட் துணியால உள்பக்கம் வழிச்சு வழிச்சு தொடைச்சாரு.

"வாயை தொடைடா, மரையில எண்ணெ இருந்தா போதும்."

"இன்னாத்துக்குண்ணா? எண்ணெ இருந்தா துரு புடிக்காதுல்ல?"

"துரு புடிக்காது. பைப்பையும் புடிக்காது."

வாய்னா கிளாம்ப் பைப்பை கவ்வுற உள்பக்கம், மரைன்னா போல்ட்டுல நட்டு ஏறுற புரி. மொத்த விஷயமும் இதுக்குள்ளயே இருக்கு. இந்த மாதிரி கிளாம்ப் போட்டு கட்டுற சாரத்துல பைப்பை சேர்க்க வெல்டிங் கிடையாது, பைப்புல ஓட்டை போட்டு போல்ட்டு மாட்டுறதும் கிடையாது. நிக்கிற பைப்பை படுத்த பைப்போட சேர்த்து வச்சிருக்கிறது வெறும் உராய்வு. பலகை, அது மேல செங்கல், கலவை சட்டி, ரெண்டு ஆளு, இவ்வளவு பாரமும் படுத்த பைப் வழியா கிளாம்புக்கு வருது, கிளாம்ப் கீழ வழுக்காம நிக்கிறது அது பைப்பை கவ்வியிருக்கிற பிடியில மட்டும்தான். வாய்ல எண்ணெய் இருந்தா அந்த பிடி குறையும். பைப் மேல காஞ்ச சிமெண்ட் கட்டி இருந்தாலும் அதே கதைதான், கிளாம்ப் முழுசா உக்காராம ரெண்டு புள்ளியில மட்டும் தொத்திட்டு நிக்கும்.

சரி, மரைக்கு மட்டும் ஏன் எண்ணெய்? நட்டை இறுக்கும்போது நடக்கிறது என்னன்னா, போல்ட்டு கண்ணுக்கு தெரியாத அளவுக்கு இழுபடுது, ஸ்பிரிங் மாதிரி, திரும்ப சுருங்கப் பார்க்குது, அந்த சுருங்கப் பார்க்கிற விசைதான் கிளாம்பை பைப் மேல அமுக்குது. ஆனா நாம கொடுக்கிற திருகு விசையில சுமார் 90 சதவீதம் மரையிலயும் நட்டுக்கு அடியிலயும் உராய்வுல போயிடும், மிச்சம் 10 சதவீதம்தான் போல்ட்டை இழுக்குது. மரை துருப்பிடிச்சு இருந்தா அந்த 10ம் இன்னும் குறையும். ஸ்பேனர் கைக்கு டைட்டாதான் தெரியும், மேல ஏறின ஆளும் "டைட்டு பா"ன்னு சொல்லிட்டு அடுத்த கிளாம்புக்கு போயிடுவாரு, உள்ள பிடியே இருக்காது. எனக்கு இதை கேட்டதுல இருந்து ரோட்டுல சாரம் பார்த்தாலே கண்ணு நேரா மரைக்குத்தான் போகுது.

கிளாம்ப் நட்டுக்கு பொதுவா சொல்ற இறுக்கம் 50 நியூட்டன் மீட்டர், அதாவது 25 செ.மீ நீள ஸ்பேனர் முனையில 20 கிலோ அளவுக்கு இழுக்கணும். ஸ்பேனர்ல பைப்பை சொருகி தொங்குறது வீரம் கிடையாது, போல்ட்டு இழுபட்டு திரும்ப சுருங்காத நிலைக்கு போயிடும், மரை தேயும், அந்த கிளாம்ப் அடுத்த சைட்டுக்கு ஆகாது.

அடுத்து துரு. நம்ம பக்கம் மழையே இல்லாம இரும்பு நனையும். கடல் காத்துல வந்து படியிற உப்பு, காத்து ஈரப்பதம் 75 சதவீதத்தை தாண்டினா தானாவே தண்ணிய இழுத்து கரைஞ்சிடும், ராத்திரியில இந்த ஊர்ல அதெல்லாம் சாதாரணம். அந்த உப்புத்தண்ணி மின்சாரத்தை நல்லா கடத்தும், குளோரைடு இரும்பு மேல இருக்கிற மெல்லிசான பாதுகாப்பு படலத்தை உடைக்கும், துரு சும்மா பறக்கும். இதுல ஒரு வேடிக்கை, கூரைக்கு அடியில பத்திரமா வச்சோம்னு நெனைக்கிற பைப் சில சமயம் வெளியில கிடக்கிறதைவிட மோசமா அரிக்கும், ஏன்னா மழை வந்து உப்பை கழுவுறதே இல்ல. அதனால உள்ள அடுக்குறதுக்கு முன்னாடி நல்ல தண்ணியில கழுவி காய வைக்கணும். போர் தண்ணியில கழுவலாம்னா நம்ம ஏரியாவுல பாதி இடத்துல அதுவே உப்பு கரிக்குது, அதுல கழுவுறதும் கடல்ல முக்குறதும் ஒண்ணுதான்.

கால்வனைஸ் பண்ண, அதாவது ஜிங்க் (துத்தநாகம்) பூசின பைப்னா அந்த ஜிங்க் தான் அரிபட்டு இரும்பை காப்பாத்தும், ஆனா ஈர சிமெண்டோட காரத்தன்மை ஜிங்கையே தின்னும், அன்னன்னைக்கே கழுவிடணும். காய விட்டு அப்புறம் சுத்தியால தட்டினா பைப்தான் நெளியும்.

வெளிய பார்த்து ஏமாறக்கூடாது, பைப் உள்ளுக்குள்ளயும் அரிக்கும். அதனாலதான் அடுக்கும்போது ஒரு பக்கம் கட்டை வச்சு சரிவா போடுறாங்க, தண்ணி தேங்காது. எவ்வளவு அரிச்சிருக்குன்னு தெரிய தராசு போதும். 48.3 மி.மீ வெளி விட்டம், 3.2 மி.மீ கனம் இருக்கிற புது பைப் மீட்டருக்கு 3.56 கிலோ, 6 மீட்டர் பைப் சுமார் 21 கிலோ வரணும். 18 கிலோதான் நிக்குதுன்னா கனத்துல ஏழுல ஒரு பங்கு போயிடுச்சு, அதுவும் சராசரி கணக்கு, குழி விழுந்த இடத்துல இன்னும் மோசமா இருக்கும்.

சவுக்கு கம்பு சாரத்துக்கு விஷயம் கம்மி. மண்ணுல நட்ட இடத்துல ஈரமும் காத்தும் சேர்ந்து கிடைக்கிறதால பூஞ்சை அங்கதான் முதல்ல தின்னும், ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க, சதக்குன்னு இறங்கினா வேணாம்.

மூலையில தனியா கொஞ்சம் வளைஞ்ச பைப் கிடந்துச்சு, "நிமித்திட்டா ஓடாதாண்ணா?"ன்னு கேட்டேன். மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தாரு. வீட்டுக்கு வந்து கணக்கு போட்டேன்: நேரா இருக்கிற 2 மீட்டர் பைப் மேல 2 டன் பாரம் வச்சா வர்ற அழுத்தத்தைவிட, நடுவுல 2 செ.மீ வளைஞ்ச பைப்புல கிட்டத்தட்ட நாலு மடங்கு வருது, பாரம் நேர்கோட்டுல இறங்காம அந்த வளைவை இன்னும் வளைக்கப் பார்க்கிறதால. நிமித்தினாலும் வளைஞ்ச இடத்துல பைப் வட்டமா இல்லாம நசுங்கியிருக்கும், கிளாம்பும் அங்க சரியா கவ்வாது.

அதனால அவரு அந்த வளைஞ்ச இடத்தை மட்டும் வெட்டி இரும்பு கடைக்கு தள்ளிடுறாரு, மிச்சத்தை குட்டை பைப்பா வச்சுக்கிறாரு. அது வீண் போறதில்ல, முட்டு கொடுக்கிற பைப்போட நீளம் பாதியானா, நெளியாம தாங்குற பாரம் கணக்குப்படி நாலு மடங்கு கூடும்.