கழன்று சேரும் ஜோடி

டி.என்.ஏ.வை முறுக்கிய ஏணி என்பார்கள். ஏணிப் படி கழன்றால் ஆள் விழுவார். இங்கே படிகள் நடுவில் கழன்றால்தான் வேலையே நடக்கும்.

ஒவ்வொரு படியும் எதிரெதிரே நிற்கும் இரண்டு ‘எழுத்துகளின்’ (காரங்களின்) ஜோடி. எழுத்துகள் நான்கு. அவற்றில் அடினைனும் குவானைனும் இரட்டை வளையம் கொண்டவை. தைமினும் சைட்டோசினும் ஒற்றை வளையம். பெரியதற்கு எதிரே சிறியது நின்றால்தான் சுருளின் குறுக்களவு எங்கும் 2 நானோமீட்டரை ஒட்டியே இருக்கும். அது மட்டும் போதாது. ஹைட்ரஜனைக் கொடுக்கும் இடத்துக்கு நேரே வாங்கும் இடம் அமைய வேண்டும். 1953-இல், டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கிரிக்கோடு சேர்ந்து தேடிய ஜேம்ஸ் வாட்சன் அட்டையில் வெட்டிய மாதிரிகளை வைத்துத் திணறியது இதில்தான். அன்றைய பாடநூல்கள் சில ஹைட்ரஜன்களைத் தவறான இடத்தில் காட்டியிருந்தன. வேதியியலாளர் ஜெரி டோனஹ்யூ அதைச் சுட்டிக்காட்டிய பிறகே ஜோடி பொருந்தியது. இன்று நமக்குத் தெரிந்தபடி, அடினைன்–தைமினுக்கு 2 ஹைட்ரஜன் பிணைப்பு, குவானைன்–சைட்டோசினுக்கு 3.

மூன்று பிணைப்பு என்பதால் மட்டும் பின்னது உறுதியாகிவிடவில்லை. அடுத்தடுத்த படிகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடப்பதும் சுருளை இறுக்கிப் பிடிக்கிறது.

டி.என்.ஏ.வை ஆய்வகத்தில் நகலெடுக்கும் பி.சி.ஆர். முறையின் குழாயில் இதை நேரடியாகப் பார்க்கலாம். 95 டிகிரி செல்சியஸில் இழைகள் பிரியும். ஆறவிட்டால், நகல் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் குட்டி இழையான பிரைமர் தன் ஜோடியைத் தேடி ஒட்டும். எந்தச் சூட்டில்? தோராயக் கணக்கு: அடினைன், தைமின் ஒவ்வொன்றுக்கும் 2 டிகிரி, குவானைன், சைட்டோசின் ஒவ்வொன்றுக்கும் 4. இருவகையும் பத்துப் பத்தாக உள்ள 20 எழுத்துப் பிரைமருக்கு 60 வரும். 5 குறைத்து 55-இல் தொடங்கலாம். (இந்தக் கணக்கு குட்டிப் பிரைமருக்கே சரி, நீளம் கூடினால் நம்ப வேண்டாம்.) சூடு மிகக் குறைந்தால் அரைகுறைப் பொருத்தத்திலும் பிரைமர் ஒட்டி, நகல்களை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் வேண்டாத பட்டைகள் தெரியும். மிகக் கூடினால் ஒட்டவே ஒட்டாது. இரண்டு பிரைமர்களின் 3' முனைகளும் (இழை நீளும் பக்கம்) தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்தால், ஜெல்லின் அடியில் ஒரு குட்டிப் பட்டை மட்டும் மிஞ்சும்.

உயிரணுவிலும் கோளாறு வரும். சைட்டோசின் தானாகவே அமினோ தொகுதியை இழந்து யுராசிலாகிறது. மனித உயிரணு ஒன்றில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 முறை இப்படி நடக்கும். யுராசில் அடினைனோடு சேரும். அப்படியே விட்டால் அடுத்த நகலில் எழுத்து மாறிவிடும். டி.என்.ஏ.வில் யுராசிலுக்கு இடமில்லை என்பதால் பழுதுபார்க்கும் நொதி அதை உடனே அடையாளம் கண்டு வெட்டியெடுக்கிறது. ஆர்.என்.ஏ. போல டி.என்.ஏ.வும் தைமினுக்குப் பதில் யுராசிலையே வைத்திருந்தால், எது அசல் எது பழுது என்று எப்படித் தெரியும்?

மெத்தில் தொகுதி ஒட்டிய சைட்டோசினிடம் இந்த ஏற்பாடு தடுமாறுகிறது. அது அமினோவை இழந்தால் கிடைப்பது தைமின், முறையான எழுத்து. அதனால்தான் அத்தகைய இடங்களில் மரபுப் பிறழ்வு அதிகம்.