தசை தளர்த்தும் மருந்தும் மலையூர்ப் பெரியவர்களும்

"இந்த வயதில் மயக்க ஊசி தாங்குவாரா டாக்டர்?" உதகையிலும் குன்னூரிலும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. எழுபது, எண்பது வயதுத் தாய் தகப்பனை அழைத்து வரும் பிள்ளைகளுக்கெல்லாம், தூங்கியவர் எழாமல் போய்விடுவாரோ என்ற ஒரே கவலைதான். எங்களைப் போன்ற மயக்கவியல் மருத்துவர்களின் கவலை வேறு நேரத்தில் தொடங்குகிறது. பெரியவர் கண் திறந்து, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்த்து, குடும்பமே "அப்பாடா" என்று உட்கார்ந்த பிறகு வரும் முதல் ஒரு மணி நேரம் அது.

முழு மயக்கம் ஒரே மருந்தால் வருவதில்லை. தூக்கத்துக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, தசையை இளக்க ஒன்று. மூச்சுக்குழாய்க்குள் குழாய் இறக்கவும், பித்தப்பை, குடல் போன்ற வயிற்று அறுவைகளுக்கு இடம் கிடைக்கவும் தசை தளர்ந்தாக வேண்டும். தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவிய குராரே என்ற நஞ்சிலிருந்து வந்த யோசனை இது. 1942 ஜனவரியில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஹரால்ட் கிரிஃபித் என்ற மருத்துவர், உதவியாளர் ஈனிட் ஜான்சனுடன் சேர்ந்து அதை அறுவை மயக்கத்துக்குப் பயன்படுத்திக் காட்டினார். இன்று எங்கள் தட்டில் இருப்பவை அட்ராகூரியம், வெக்யூரோனியம், ரோகுரோனியம் போன்றவை. நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேராமல் தடுப்பதுதான் இவற்றின் வேலை. மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும் என்பதால் மருந்து இறங்கும் வரை இயந்திரம் மூச்சு விடுகிறது.

வயதான உடலில் இந்த மருந்துகள் மெதுவாக ஏறுகின்றன, இன்னும் மெதுவாக இறங்குகின்றன. ரத்த ஓட்டம் நிதானமாக இருப்பதால் ஊசி போட்டவுடன் பலன் தெரியாது; அவசரப்பட்டு இன்னொரு அளவு ஏற்றினால் பிறகு இரண்டும் சேர்ந்து அமுக்கும். வெக்யூரோனியமும் ரோகுரோனியமும் வெளியேற ஈரலும் சிறுநீரகமும் வேலை செய்ய வேண்டும். "கிரியாட்டினின் நார்மல்தானே" என்று ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் இந்தக் கிரியாட்டினின் தசையிலிருந்து உண்டாவது. எண்பது வயதில் தசை வற்றிப்போன பாட்டிக்கு அந்த எண் சாதாரணமாகத் தெரிந்தாலும், சிறுநீரகம் இளமைக்காலத் திறனில் பாதியில் நின்றிருக்கலாம். அட்ராகூரியத்துக்கு இந்தச் சிக்கல் குறைவு. உடம்பின் சூட்டிலும் ரத்தத்தின் தன்மையிலும் அது பெரும்பாலும் தானாகவே உடைந்துவிடும். ஆகவே பெரியவர்களுக்கு அதையே நான் விரும்பி எடுப்பேன்.

ஆனால் உடம்பில் சூடு இருக்க வேண்டும். நீலகிரியில் மயக்க மருந்து கொடுப்பவருக்குப் பாடப்புத்தகம் சொல்வதைவிட இரண்டு மடங்கு கவனம் தேவைப்படுவது இந்த விஷயத்தில்தான். மார்கழியில் உதகைக் காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெலிந்த முதியவர் மெல்லிய தியேட்டர் கவுனில் படுத்து, மயக்கத்தில் நடுங்கவும் முடியாமல், குளிர்ந்த சலைன் ஏறிக்கொண்டிருந்தால் உடல் வெப்பம் சரசரவென இறங்கும். உள்வெப்பம் இரண்டு டிகிரி குறைந்தாலே வெக்யூரோனியம் ஏறத்தாழ இரு மடங்கு நேரம் தங்கிவிடும். அட்ராகூரியமும் குளிரில் தாமதமாகத்தான் உடைகிறது. அதனால் கம்பளிக் குல்லா, சாக்ஸ், ஸ்வெட்டர் எல்லாம் கொண்டுவரச் சொல்கிறேன். தியேட்டருக்குள் நுழையும் வரை அவர் கதகதப்பாக இருக்கட்டும். உள்ளே வெப்பக்காற்றுப் போர்வையும் சூடாக்கிய சலைனும் எங்கள் பொறுப்பு. ஒரே ஒரு எச்சரிக்கை: முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்திருக்கும் பெரியவரின் காலடியில் வெந்நீர்ப் பையை வைக்காதீர்கள். சுடுவது அவருக்குத் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

உயரமும் சேர்ந்துகொள்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே கணக்கில் குறைகிறது. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர் அதற்குப் பழகியிருப்பார். ஆனால் மூச்சுத் தசை அரைகுறையாக வேலை செய்யும் நேரத்தில் கோயம்புத்தூரில் இருக்கும் கையிருப்பு இங்கே கிடையாது.

மருந்து முழுவதும் இறங்கிவிட்டதை எப்படி அறிவது? கையைப் பிடி, தலையைத் தூக்கு, ஐந்து நொடி வை என்று சொல்லிப் பார்ப்பது பழைய முறை. அது போதாது. மணிக்கட்டு நரம்பில் சிறு மின்துடிப்பை நான்கு முறை கொடுத்து, கட்டைவிரல் எப்படித் துடிக்கிறது என்று அளக்கும் கருவி உண்டு. நான்காவது துடிப்பு முதல் துடிப்பில் 90 சதவீதமாவது இருந்தால்தான் குழாயை எடுக்கலாம். வெறும் கண்ணால் பார்த்தால் 40 சதவீதத்தைத் தாண்டியதுமே நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். எத்தனை அனுபவம் இருந்தாலும் அப்படித்தான்.

கோத்தகிரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி பித்தப்பை அறுவைக்கு வந்திருந்தார். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, தேயிலைத் தோட்டத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர்; விரல் நுனிகளில் கொழுந்துக் கறை இன்னும் போகவில்லை. அறுவை முடிந்தது, கண் விழித்தார், சொன்னதும் என் விரலை இறுக்கிப் பிடித்தார். கருவி மட்டும் 70 சதவீதத்தைத் தாண்டவில்லை. தசை தளர்த்தியின் பலனை முறிக்கும் நியோஸ்டிக்மின் கொடுத்து, லேசான தூக்கத்திலேயே வைத்து, போர்வையின் சூட்டைக் கூட்டிவிட்டுக் காத்திருந்தோம். "விழித்துவிட்டாரே, வார்டுக்கு மாற்றக்கூடாதா?" என்று மகன் கதவருகே வந்து வந்து கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் அந்த 70 சதவீதத்தில் கை பிடிக்கும், கண் திறக்கும். தொண்டைத் தசை மட்டும் சரியாக மூடாது. எச்சிலும் குடித்த தண்ணீரும் உணவுக்குழாய்க்குப் பதில் நுரையீரலுக்குப் போகும். மூன்றாம் நாள் வரும் நிமோனியாவை வீட்டார் "குளிர் பிடித்துவிட்டது" என்பார்கள். எண்பது வயதில் அந்த நிமோனியா உயிரையே கேட்கும்.

இதனால்தான் தியேட்டரிலிருந்து வந்ததும் பிளாஸ்க்கைத் திறந்து "சூடாக ஒரு வாய் காபி" கொடுக்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன். நர்ஸ் சரி என்று சொன்ன பிறகு, நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீரில் தொடங்குங்கள்.

ரோகுரோனியம் அல்லது வெக்யூரோனியம் கொடுத்திருந்தால் சுகாமடெக்ஸ் என்ற மாற்றுமருந்து அவற்றைச் சில நிமிடங்களில் கவ்வி எடுத்துவிடும். விலை கூடுதல், அட்ராகூரியத்திடம் வேலை செய்யாது, சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. கேட்டால் மருத்துவர் விளக்குவார், கேளுங்கள்.

நீங்கள் எங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. சக்சினைல்கோலின் என்ற வேகமான தசை தளர்த்தியை ரத்தத்தில் உள்ள ஒரு நொதி சில நிமிடங்களில் உடைத்துவிடும். உருளைக்கிழங்கு, கேரட் தோட்டங்களில் ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து அடித்தவர்களுக்கு அந்த நொதி குறைந்திருக்கலாம். சில நிமிட மருந்து வெகுநேரம் நீளும். அண்மையில் மருந்தடித்தாரா என்று நான் கேட்பது இதற்காகத்தான். பரம்பரையாகவும் அந்த நொதி குறையலாம். ஆரிய வைசிய சமூகத்தில் இது கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. குடும்பத்தில் யாருக்காவது மயக்கம் தெளியத் தாமதமாகியிருந்தால் அதையும் சொல்லுங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டு வாருங்கள், தூக்க மாத்திரை உட்பட. வருடக்கணக்காகப் போட்ட தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், அறுவைக்கு மறுநாள் இரவு பெரியவர் பிதற்றுவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

இடுப்பெலும்பு முறிந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எலும்புக்கட்டு போட்டு வாரக்கணக்கில் படுக்கவைத்த பிறகு அழைத்து வருகிறார்கள். அதற்குள் நெஞ்சில் சளி கட்டி, காலில் ரத்தம் உறைந்திருக்கும்; நெடுநாள் அசையாத தசையில் சக்சினைல்கோலின் பட்டால் பொட்டாசியம் எகிறி இதயமே நிற்கலாம். விழுந்த ஓரிரு நாளுக்குள் அறுவை நடப்பதே நல்லது. கீழே அனுப்ப வேண்டும் என்றால் அன்றே முடிவெடுங்கள்; மழைக்காலத்தில் மலைப்பாதை நமக்காகக் காத்திருக்காது.

"முதுகில் ஊசி போட்டாலே போதும், அதுதான் பாதுகாப்பு" என்று பலர் முடிவோடு வருகிறார்கள். தசை தளர்த்தியே தேவைப்படாது என்பது அதன் பெரிய சாதகம். நானும் முடிந்தபோதெல்லாம் அதையே செய்கிறேன். இருந்தாலும் அமெரிக்கா, கனடா மருத்துவமனைகளில் இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், அறுபது நாள் கழித்து உயிரோடிருப்பதிலும் நடமாடுவதிலும் முதுகு ஊசிக்கும் முழு மயக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு முதுகு ஊசியே ஆபத்தாகலாம். அவரவர் உடம்பைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

பட்டினி விஷயத்திலும் தேவையில்லாத கடுமை வேண்டாம். திட உணவும் பால் கலந்த டீயும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். தண்ணீரோ பாலில்லாத டீயோ மருத்துவர் வேறு சொல்லாதவரை இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். இரவு எட்டு மணிச் சாப்பாட்டோடு நிறுத்தி மறுநாள் நண்பகல் வரை நாக்கு வறள வைத்திருந்தால், மயக்க மருந்து ஏறியதும் ரத்த அழுத்தம் சரிகிறது.

அறுவை முடிந்ததும் கண்ணாடி, காது கருவி, பல்செட் மூன்றையும் சீக்கிரம் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். படுகர் வீட்டுப் பாட்டி என்றால் படுக மொழியிலேயே பேசி, எங்கே இருக்கிறார், என்ன நடந்தது என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வீட்டுக்குப் புறப்படும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் எந்தத் தசை தளர்த்தி கொடுத்தார்கள், தெளியத் தாமதமானதா என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு ஊரில், வேறு மருத்துவர் மயக்க மருந்து கொடுக்கும்போது அவர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.